கிழிசலுக்கும் ஓரம் அடிக்க வேண்டும்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2013 மே முதல் ஆகஸ்ட் வரை நடந்த பங்க் என்ற கலகக்கார இசை, உடைப்பாணி பற்றிய ‘பங்க்: கேயாஸ் டு கூட்யூர்’ கண்காட்சி மீது பரவலாக ஒரு புகார் எழுந்தது: தெருவில் பிறந்த கலகத்தைக் கழுவித் துடைத்துப் பணக்காரர் அலமாரியில் மாட்டிவிட்டார்கள் என்று. பங்க் இசை ஒலித்த நியூயார்க் சிபிஜிபி கிளப்பின் கழிப்பறையைக் கிறுக்கல்களோடு அப்படியே கட்டி வைத்திருந்த இடத்தில் (நாற்றம் மட்டும் இல்லை) இந்தப் புகார் எழாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் துணி வெட்டித் தைக்கும் கை இதே அரங்கைப் பார்த்தால், கோபம் வருமுன் ஒரு கேள்வி வரும்: அங்கே மாட்டிய உடையின் ஓட்டை ஏன் மேலும் பெரிதாகவில்லை?

நெய்த துணியில் கத்தரி வைத்துவிட்டால் அறுபட்ட இழைகள் பிடி விட்டுப் பிசிறத் தொடங்கும். இரண்டு சலவை கண்டால் விரல் நுழைந்த இடத்தில் முழங்கை நுழையும். 1970களின் லண்டன் தெருப் பையன் அந்த இடத்தில் ஊக்கைக் குத்தினான் என்றால், முதலில் அது சட்டை கழன்று விழாமலிருக்க. அலங்காரம் என்ற பெயர் பின்னால் வந்தது. வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் 1977இல் அதையே பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, எளிதில் பிசிறாத ஜெர்சித் துணியை எடுத்தார். ஓட்டையைச் சுற்றித் தையல் ஓடியது, ஊக்கில் மணிகள் ஏறின. காஜா எடுப்பவருக்கு இது புதிதல்ல. பொத்தான் துளையும் வளரவிடாமல் நிறுத்தப்பட்ட கிழிசல்தானே. 1982இல் வடிவமைப்பாளர் ரேய் கவாகுபோவின் கறுப்புக் கம்பளிச் சட்டை இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் எதையும் கிழிக்கவில்லை, ஓட்டைகள் பின்னலிலேயே பிறந்தவை. 1994இன் வெர்சாச்சே கறுப்பு கவுனில் பக்கத் தையல் இருக்க வேண்டிய இடத்தைப் பெரிய பொன்னிற ஊக்குகள் பிடித்துக்கொண்டன. ஒழுங்கான தையலைவிட ஒழுங்கான கிழிசலுக்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். எனவே உயர்தரத் தையலகம் பங்க் பாணியைத் திருடி மலினமாக்கியது என்பதை நான் ஏற்கவில்லை. அது வேறொன்றை எடுத்துக்கொண்டது: உடையை முடித்து வைக்கும் உரிமையை. தெருச் சட்டையில் நாளைக்கு இன்னொரு ஊக்கு குத்தலாம், ஒரு கையை வெட்டி எறியலாம். ரோட்ஸின் உடையில் அணிபவருக்கு அந்த வேலை மிச்சமில்லை.

விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண் கடையில் பங்க் உடைகளைக் காசுக்குத்தானே விற்றார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வார்களும் ஜிப்புகளும் கொண்ட அவர்களது பாண்டேஜ் கால்சட்டையைப் பழகாத கை வெட்டவே முடியாது. அதைத் தெருவின் கணக்கில் எழுதுவது தவறு. ஆனால் அதே கடையின் டி-சட்டை, இரண்டு சதுரத் துணியைத் தையல் வெளியே தெரிய இணைத்தது. பார்த்தவர் வீட்டுக்குப் போய்த் தானே தைத்துக்கொள்ளலாம். செய்முறை உடையின் மேலேயே எழுதியிருந்தது.

அந்த வழியில் வந்த உண்மையான வாரிசு, ஊக்கு குத்திய கவுன்களைவிட வடிவமைப்பாளர் மார்ட்டின் மார்ஜியெலாதான் என்பேன். அவர் தையலையும் மடிக்காத ஓரத்தையும் வெளியே காட்டினார். அவர் உடைகள் விலையில் எளியவை அல்ல, அதை மறுப்பதற்கில்லை. இருந்தும் எப்படி உருவாயின என்பதை அவை மறைப்பதில்லை. கண்காட்சி மீது எனக்குள்ள குறையும் இங்கேதான். ‘நீயே செய்’ என்ற கொள்கையைப் பிரிவுகளின் தலைப்பாகவே வைத்த அரங்கில், பொம்மைகள் மேடையேறி முன்பக்கத்தைக் காட்டி நின்றன. ரோட்ஸின் ஓட்டைக்குப் பின்னால் நூல் எங்கே முடிச்சிட்டிருக்கிறது, அந்த ஊக்குகளின் பாரத்தை உள்ளே எது தாங்குகிறது என்பதெல்லாம் உடையின் உள்பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். நாலைந்து உடைகளையாவது அப்படித் திருப்பி மாட்டியிருக்கலாம்.