உள்குத்து இல்லாத ஒரு ஜட்டிப் பதிவு

தலைப்பைப் பாத்துட்டு ஓடிடாதீங்க மக்களே. உள்குத்து, வெளிக்குத்து எதுவும் கிடையாது. இது நெஜமாவே ஜட்டியைப் பத்தினதுதான். அதுவும் மண்டையைப் பிளக்கற மே மாச வெயில்ல கோல்ஃப் ஆடப் போனா உள்ளே எதைப் போட்டுக்கறதுங்கற உலகமகா கேள்வி.

சடையங்குப்பத்துக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தெரியாதவங்களுக்காக: எங்க ஊரு திருவொற்றியூருக்கு மேற்கால, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, மணலிப் பக்கம். 2011-ல மாநகராட்சியோட சேந்துச்சு. பக்கத்துல கொசஸ்தலை ஆறு, சுத்தி கம்பெனி கம்பெனியா புகைபோக்கி. பச்சைப் புல்லுன்னு ஒண்ணு இருந்தா அதுல எருமை மேஞ்சிட்டு இருக்கும். அதைக் கொடி நட்டு, குழி வெட்டி, கோல்ஃப் மைதானம்னு சொல்றதுக்கு இங்க யாருக்கும் தோணல.

நான் வேலை பாக்கற எடத்துக்கு அடிக்கடி வெளிநாட்டு விருந்தாளிங்க வருவாங்க. அவங்களுக்கு ஞாயித்துக்கெழமை காலைல கோல்ஃப் ஆடணும். தொணைக்கு ஒருத்தன் போகணும். கல்யாணம் ஆகி புள்ளகுட்டி இருக்கறவன் ஞாயித்துக்கெழமை வீட்ல சும்மா தானே இருப்பான்னு என்னைத் தள்ளி விட்டாங்க. (தங்கமணி கருத்தும் அதேதான்.) அப்படிப் போய் ஒட்டிக்கிட்ட பழக்கம். நந்தனத்துல காஸ்மாபாலிட்டன் கிளப்போட மைதானம் இருக்கே, அங்கதான் மொதல்ல மட்டையைத் தொட்டேன்.

டிவியில பாக்கறப்போ கோல்ஃப் சோம்பேறிங்க வெளையாட்டு மாதிரி தெரியும். கெடையாது சாமி. 18 குழியும் நடந்தே ஆடினா ஆறேழு கிலோமீட்டர் நடை, நாலு மணி நேரத்துக்கு மேல. நடுவுல இடுப்பை முறுக்கி அடிக்கணும், பந்தை உருட்டறதுக்கு முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்து தரையைப் பாக்கணும், மறுபடி எழுந்து நடக்கணும். இதெல்லாம் காலர் வச்ச டி-ஷர்ட்டு, பெல்ட் போட்ட பேன்ட்டோட. அமெரிக்காவுல பிஜிஏ டூர்காரங்களே, ஆட்டக்காரங்க பயிற்சி நாள்ல அரைக்கால் டவுசர் போட 2019-லதான் அனுமதி குடுத்தாங்கன்னா பாத்துக்கோங்க.

நம்மூரு வெயிலும் சாதா வெயில் இல்ல. 2003 மே மாசக் கடைசியில சென்னையில 45 டிகிரி அடிச்சது ஞாபகம் இருக்கா? அந்தச் சூட்டை விட மோசமானது ஈரக்காத்து. வேர்வை ஆவியானாத்தான் ஒடம்பு குளுரும். கடலோரத்துல காத்துலயே தண்ணி ரொம்பிக் கெடக்கு, வேர்வை எங்க போகும்? கீழ எறங்கும். எல்லாம் எறங்கி ஒரே எடத்துல வந்து சேரும். எந்த எடம்னு நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாவது குழி வரும்போது தொடையிடுக்கு தீயா எரியும். நடையே மாறிடும். அப்படி ஒரு நாள் நான் கால அகட்டி அகட்டி நடக்கறதை எங்களுக்குப் பை தூக்கிட்டு வந்த கேடி அண்ணன் பாத்துட்டார். சைதாப்பேட்டைக்காரர், அம்பது வயசுக்கு மேல இருக்கும்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உள்ள இன்னா போட்டுக்கீறீங்க?"

"சாதா ஜட்டிதாண்ணே."

"அதான் அறுக்குது. தொடை வரைக்கும் எறங்குதே, கால் வச்சது, அத்த வாங்குங்க. போடறப்போ உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போடுங்க. தையல் ஒடம்புல படாது. நான் முப்பது வருசமா இப்டித்தான் நடக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரமே செஞ்சு பாத்தேன். 18 குழியும் நடந்து முடிச்சேன்.

யோசிச்சுப் பாருங்க. ஆடறவனுக்கு இந்தப் பக்கம் ஒரு கொடை, அந்தப் பக்கம் எலுமிச்சை ஜூஸ். பத்து பன்னெண்டு கிலோ பையைத் தூக்கிட்டு அதே தூரம் நடக்கறவருக்கு என்ன இருக்கு? வெயில்ல என்ன போடணும்னு உண்மையாத் தெரிஞ்சவர் அவர்தான். அவங்கள்ல ஆட்டக்காரங்களும் உண்டு. டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர் 1991-ல இந்தியன் ஓபன் ஜெயிச்சார், 1993-ல மறுபடியும். பெங்களூருல கேடியா இருந்த முனியப்பா 2009-ல அதே கோப்பையை எடுத்தார்.

இப்ப துணி விஷயம். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

எங்க தாத்தா கோவணம் கட்டினவர். வயல்ல சேத்துல நின்னவங்க எல்லாம் அதான். ஒரு முழத் துணி. தாங்கும், காத்து வரும், நனைஞ்சா வரப்புல போட்டா அரை மணியில காஞ்சிடும். அடுத்து எங்கப்பா, பட்டாபட்டி. கோடு போட்ட பருத்தித் துணி, நாடா, பக்கத்துல காசும் பீடிக்கட்டும் வைக்க ஒரு பாக்கெட்டு. தொடைக்கும் தொடைக்கும் நடுவுல துணி இருக்கும், காத்தோட்டம் சொல்லவே வேணாம். ஒரே குறை, தாங்காது. சுருட்டிக்கிட்டு மேல ஏறும். லுங்கிக்கு உள்ளே அருமை, பேன்ட்டுக்குள்ள போட்டா மூட்டை கட்டின மாதிரி இருக்கும்.

மூணாவதுதான் நம்ம முக்கோண ஜட்டி. அமெரிக்காவுல கூப்பர்ஸ்னு ஒரு கம்பெனி 'ஜாக்கி'ங்கற பேர்ல அதைக் கொண்டு வந்தது. சிகாகோவுல ஒரு பெரிய கடையில மொதல்ல வித்தது 1935 ஜனவரியில, பனிப்புயல் அடிச்சிட்டு இருந்த நாள்ல. பனிப்புயல்ல வித்த சாமானை நாம கத்திரி வெயில்ல போட்டுக்கிட்டு எரியுதே எரியுதேன்னா என்ன பண்றது? அதோட எலாஸ்டிக் சரியா தொடை மடிப்புல உக்காருது. வேர்வை தேங்கற எடமும் அதான், நடக்கும்போது உரசற எடமும் அதான். கேடி அண்ணன் சொன்ன கால் வச்ச ட்ரங்க், கோவணத்தோட தாங்குதலையும் பட்டாபட்டியோட நீளத்தையும் சேத்து வச்ச மாதிரி.

துணியில பருத்தி நல்லதா, பாலியெஸ்டர் நல்லதாங்கறது அடுத்த சண்டை. சாதாரணக் காத்துலேயே பருத்தி தன் எடையில எட்டரை சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வச்சிருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம் கூட வச்சிக்காது. அதனால பருத்தி மெத்துனு இருக்கும், ஆனா ஒரு தடவை ஊறிடுச்சுன்னா லேசுல காயாது. ஈரத் துணி தோலை அதிகமா உரசும். நல்லா நெய்த விளையாட்டு பாலியெஸ்டர் வேர்வையை இழை இடுக்கு வழியா வெளிப்பக்கம் கொண்டு போய்க் காய வைக்கும். பிளாட்பாரத்துல மூணு நூறு ரூபான்னு குடுக்கற பளபளா ஜட்டி அந்த வேலையைச் செய்யாது, அது வெறும் பிளாஸ்டிக் கவர். பாலியெஸ்டருக்கு இன்னொரு பிரச்சனை நாத்தம். பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க 2014-ல சோதிச்சுப் பாத்து, உடற்பயிற்சிக்கு அப்புறம் பருத்தியை விட பாலியெஸ்டர் சட்டை அதிகமா நாறுதுன்னு சொன்னாங்க. தங்கமணி இதை ஆராய்ச்சி இல்லாமலேயே பல வருசமாச் சொல்லிட்டிருக்காங்க.

நடுவுல மோடால்னு ஒண்ணு இருக்கு, மரக்கூழ்ல இருந்து எடுக்கற நூல். வழவழன்னு இருக்கும், உரசாது. என் ஓட்டு, கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்த மோடாலுக்கு. 'மூங்கில் ஜட்டி'ன்னு விக்கறாங்களே, அது மூங்கிலைக் கரைச்சு எடுக்கற விஸ்கோஸ்தான். விஸ்கோஸை மூங்கில்னு சொல்லி வித்ததுக்காக அமெரிக்காவுல ரெண்டு பெரிய கடைங்க 2022-ல 55 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. போடலாம், ஆனா மூங்கில்னு அதிகம் காசு குடுக்காதீங்க. இதெல்லாம் நம்ம திருப்பூர்லயே நல்லாப் பின்றாங்க.

இதுவரைக்கும் சொன்னது கோல்ஃபுக்கு. இனிமே சொல்றதுக்காகத்தான் இதை எழுத உக்காந்தேன்.

தொடை எரியறது எனக்கு வாரத்துல ஒரு நாள் காலைல, பொழுதுபோக்குல. எங்க பக்கத்துல கம்பெனியில பாய்லர் கிட்ட நிக்கறவன், லாரியில லோடு ஏத்தறவன், கழிமுகத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு எறா பிடிக்கறவங்க, ஈரப் பொடவையோட நாள் பூரா மீன் விக்கற அக்கா, இவங்களுக்கு அது வாரத்துல ஆறு நாள். தொடையிடுக்குல படர்தாமரை இல்லாத ஆளைத் தேடணும். ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க. வெக்கம். மருந்துக் கடையில போய் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க"ன்னு மெதுவாக் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிடுவாங்க. அதுல பலதுல ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் அரிப்பு நிக்கும், நிறுத்தினா ரெண்டு மடங்காத் திரும்பும். தோலும் மெலிஞ்சு போகும். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-ல 14 ஸ்டீராய்டு களிம்புக்குக் கட்டுப்பாடே கொண்டு வந்தாங்க. சாதா மருந்துக்கு லேசுல அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020-ல நம்ம நாட்டுப் பேரைச் சேத்து 'இண்டோட்டினியே'ன்னு வச்சிருக்காங்க. இந்தப் பெருமை நமக்குத் தேவையா?

பொம்பளைங்க கதை இன்னும் மோசம். உள்ளாடையைக் கொடியில போட மாட்டாங்க. பொடவைக்கு அடியில, பாத்ரூம் மூலையில, கதவுக்குப் பின்னாடி. வெயிலே படாம அரை ஈரத்தோட மறுநாள் போட்டுக்குவாங்க. பூஞ்சைக்கு வேற என்ன வேணும்? எங்க வீட்ல இப்ப மாடிக் கொடியில எல்லாருடையதும் பட்டவர்த்தனமாக் காயுது. எதிர்வீட்டுப் பெரியம்மா மொதல் வாரம் மொறைச்சாங்க. மூணாவது வாரம் அவங்க கொடியிலயும் ஒண்ணு ரெண்டு தொங்குச்சு.

2021 நவம்பர்ல பூண்டி ஏரி தெறந்து விட்டு கொசஸ்தலை ஆத்துத் தண்ணி எங்க பக்கம் ஏறினப்பவும், 2023 டிசம்பர் புயல் அப்பவும் நிவாரணம்னு அரிசி, பாய், லுங்கி, நைட்டி எல்லாம் நல்ல மனுசங்க கொண்டு வந்து குடுத்தாங்க. என் கண்ணுல பட்ட ஒரு பையிலயும் ஜட்டி இல்ல. மூணு நாளா முழங்கால் தண்ணியில நடந்தவங்களுக்கு மொதல்ல வேண்டியது அதுதான். கேக்கறவங்களுக்கும் வெக்கம், குடுக்கறவங்களுக்கும் வெக்கம்.

சரி, சுருக்கமாச் சொல்லிடறேன், கோல்ஃபோ லோடு வேலையோ, ரெண்டுக்கும் ஒண்ணுதான்:

இடுப்பை டேப் வச்சு அளந்து, செ.மீ. அளவைப் பாத்து வாங்குங்க. 95 இடுப்புக்கு 85 போட்டா இளமை திரும்பாது. கால் பகுதி தொடை நடுவரைக்கும் வரணும். பை இருந்தா மாத்துத் துணி ஒண்ணு வச்சிக்கோங்க, பாதியில மாத்திடுங்க. கெளம்பறதுக்கு முன்னாடி தொடையில கொஞ்சம் வாசலின் தடவுங்க. பவுடர் வேர்வையில கட்டி கட்டியாயிடும். தோய்க்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி வாசனைத் தண்ணி ஊத்தாதீங்க, வேர்வையை இழுக்கற தன்மை போயிடும். வெயில்ல காய வைங்க, மழைக்காலத்துல இஸ்திரியாவது போடுங்க. அரிப்பு வந்தா தோல் டாக்டர் கிட்ட போங்க, வீட்ல மத்தவங்களுக்கும் இருக்கான்னு கேளுங்க.

அடுத்த தடவை எங்கயாவது வெள்ளம்னு நிவாரணப் பை கட்டினீங்கன்னா, பெரியவங்க சின்னவங்க ஆண் பெண் அளவுல புது உள்ளாடை நாலு டஜன் சேத்துக் கட்டுங்க மக்களே. சங்கடமா இருந்தா நைட்டிக்கு அடியில வைங்க, பரவால்ல.