தோற்றத்துக்குப் பத்து மதிப்பெண்

வேலை கேட்டு வந்த ஒரு பையனை, அவன் நிறத்துக்காகவும் அவன் யாரை விரும்புகிறான் என்பதற்காகவும் நான் வேண்டாமென்று அனுப்பினேன். படிவத்தில் எழுதிய காரணம் வேறு. ‘விற்பனை அனுபவம் போதாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். அன்றைக்கு வந்தவர்களில் அவனளவுக்கு விற்கத் தெரிந்தவர் யாருமில்லை.

நடந்தது 2021 புரட்டாசியில். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை. ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வேலை தேடும் காலம். தை, மாசியில் தொடங்கும் உப்பளத்து வேலை புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது 2022-ல்தான். அதுவும் எத்தனை நாளுக்குக் காணும்? கடைக்காரர்களுக்கோ அந்தக் காலம்தான் தீபாவளி சீசன். அளத்தில் வேலை நிற்கிற அதே வாரங்களில் திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் கடைகள் ஆள் தேடும். காலை பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள்.

அவனும் அப்படித்தான் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தேய்த்துக் கழுவிய முகம். ஆனால் உப்பளத்து வெயில் கழுவினால் போகாது. அது மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை; வெள்ளைப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். விரல்களில் உப்புநீர் அறுத்த வெடிப்புகள். பேச்சில் ஒரு நளினம். பேசும்போது கைகளும் சேர்ந்து பேசின.

ஒரு மிக்ஸியைக் காட்டி, எனக்கு விற்றுக் காட்டு என்றேன். மற்றவர்கள் வாட்ஸையும் வாரண்டியையும் ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன், “வீட்ல எத்தினி பேர் சார்? மாவும் இதுலயே அரைப்பாங்களா, கிரைண்டர் தனியா இருக்கா?” என்று கேட்டான். கிரைண்டர் இருக்கிறது என்றேன். “அப்ப உங்களுக்கு 750 வாட்ஸ் எதுக்கு சார், 500 போதும்” என்றான். வாங்குகிறவர் பக்கம் நின்று யோசிக்கிற இந்தக் குணத்தைப் பழைய ஆட்களுக்கே என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை.

பிறகு அவன் முன்பு வேலை பார்த்த கடைக்குப் போன் செய்தேன். “வேலைல கொறை சொல்ல முடியாது. ஆனா ஆளு ஒரு மாதிரி. ஒரு பையனோட பழக்கம். தெரிஞ்சதும் நிறுத்திட்டோம்” என்றார் எதிர்முனையில் இருந்தவர். நான் ஏன், என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்தேன். எங்கள் படிவத்தில் ‘தோற்றம்’ என்று ஒரு கட்டம் உண்டு, பத்து மதிப்பெண். அதில் இரண்டு போட்டேன்.

எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னதை நான் படித்திருந்தேன். 2021 ஜூனில், மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவையும் படித்தேன். அந்த நீதிபதி, இந்த விஷயத்தில் தனக்கே தெளிவில்லை, தனக்குள்ளும் பழைய எண்ணங்கள் இருக்கின்றன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்பிறகு எழுதினார். எவ்வளவு பெரிய மனது என்று நண்பர்களிடம் பேசினேன். மூன்று, நான்கு மாதம்கூட ஆகவில்லை. என் மேசைக்கு அப்படி ஒருவன் வந்தபோது எனக்குள் இருந்ததை மறைத்துவிட்டுப் ‘அனுபவம் போதாது’ என்று எழுதினேன்.

என்னைப் பிடிக்கவும் சட்டம் இல்லை. திருநங்கை, திருநம்பிகளை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்பே, 2017-ல், திருச்செந்தூர்ப் பக்கத்துத் திருநங்கையான ஷானவி பொன்னுசாமி, விமானப் பணிப்பெண் வேலை மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆனால் தனியார் கடை ஒன்று, ஆணை விரும்பும் ஆண் என்பதற்காக ஒருவனைத் தள்ளினால் நேரடியாகக் கேட்க இன்றுவரை தனிச்சட்டம் கிடையாது. கறுப்பு என்பதற்காகத் தள்ளினாலும் அப்படியே. அதே 2021 செப்டம்பரில்தான் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டமன்றத்தில் மசோதா வந்தது. சட்டமானதும் ஸ்டூல் வாங்கிப் போட்டோம். அதில் யார் உட்காரலாம் என்பதை நான்தான் முடிவு செய்தேன்.

‘கஸ்டமர் முகம் சுளிப்பாங்க’ என்பதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் காரணம். நானும் அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்க்கிறேன்: விலைக்காக என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள், தவணைக்காகப் போட்டிருக்கிறார்கள், சொன்ன நாளில் பிரிட்ஜ் வராததற்குத் திட்டியிருக்கிறார்கள். விற்றவனின் நிறத்தையோ குரலையோ பற்றி ஒருவரும் வந்து சொன்னதில்லை. முகம் சுளித்தது நான். அதைச் சொல்லத் துணிவில்லாமல், கடைக்குள் இன்னும் நுழையாத ஆட்களின் மேல் போட்டேன்.

என் அம்மா மரக்காணத்து அளத்தில் விடியுமுன் இறங்கிப் பாத்தி மிதித்தவர், உப்பு வாரியவர். பள்ளிக்கூடத்தில் என் கறுப்பைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். முதல் இன்டர்வியூவுக்குப் போகுமுன் அம்மாவின் கூலியில் சிவப்பழகு க்ரீம் வாங்கிப் பூசினேன். கடையில் சேர்ந்தபின், வீட்டில் விவசாயம் என்று சொல்லி வைத்தேன். அந்தப் பையனின் விரல்களைப் பார்த்தவுடனேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவனை எடுத்தால், பேச்சுவாக்கில் நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது வெளியே வந்துவிடும் என்ற பயமும் அந்த இரண்டு மதிப்பெண்ணில் இருந்தது.

இதைவிட மோசமானது பிறகு நடந்தது. சில நாள் கழித்து அவனே போன் செய்தான். “சார், நான் எதுல கொறைஞ்சன்னு சொன்னீங்கன்னா, அடுத்த எடத்துல சரிபண்ணிக்குவேன்” என்றான். குரலில் கோபமே இல்லை. “அனுபவம்தான் தம்பி, இன்னும் கொஞ்சம் அனுபவம் வேணும்” என்றேன். வேலை மறுத்தது ஒரு தவறு. இது அவன் அறிவையே குழப்பிவிட்ட தவறு. தன்னிடம் இல்லாத குறையைத் தேடித் திருத்திக்கொள்ள அவன் எத்தனை நாள் மெனக்கெட்டிருப்பான்? நன்றாக விற்கத் தெரிந்தவனை, தனக்கு விற்கத் தெரியாது என்று நம்ப வைத்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் சொன்னால் இருக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பான்.

அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமே என்று என் மனைவி கேட்டாள். வீட்டில் அவன் சொல்லியிருக்கிறானோ இல்லையோ, நான் போய் நின்றால் எதற்கு வந்தேன் என்று கேட்பார்கள். அவன் ரகசியத்தை இன்னொரு முறை அவன் அனுமதி இல்லாமல் கைமாற்ற எனக்கு உரிமையில்லை. அதனால் போகவில்லை. போகாமலிருப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இப்போது பழைய கடைகளுக்குப் போன் செய்தால், எப்போது சேர்ந்தார், எப்போது நின்றார், பணத்தில் சுத்தமா என்று மட்டும் கேட்கிறேன். அதற்குமேல் சொல்ல வந்தால் நிறுத்திவிடுகிறேன். படிவத்திலிருந்து தோற்றக் கட்டத்தை எடுத்துவிடும்படி முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன்; ஏன் என்று கேட்டபோது இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன், அம்மாவின் வேலை உட்பட. பார்க்கலாம் என்றார். கட்டம் இன்னும் இருக்கிறது. அதை நிரப்பாமல்தான் கொடுக்கிறேன்.