நின்ற பிறகு ஏறும் சூடு

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், காரைத் தெரியாது. இரண்டும் வேறு வேறு என்பதைப் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில்தான் கற்றுக்கொண்டேன்.

2003 ஏப்ரல் மாதம். சாந்தன்பாறையில் சித்தி படுத்த படுக்கையாக இருப்பதாகவும், "அக்கா வரலையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் செய்தி வந்தது. பெரியம்மாவை என் பழைய பெட்ரோல் காரில் ஏற்றிக்கொண்டு மாலை நாலு மணிக்குக் கிளம்பினேன்.

முந்தலைத் தாண்டினால் ஏற்றம்தான். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே குளிரும் ஏலத்தோட்டமும் காத்திருக்கும். கீழ்ச் சரிவிலோ, பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை நம் மேல் கக்கிக்கொண்டிருக்கும். முதல் கியரும் இரண்டாம் கியருமாக வண்டி முக்கி முனகி ஏறியது. பாதி மலையில் பெரியம்மா தலை சுற்றுகிறது என்றாள். நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் காற்று வாங்கிவிட்டு ஏறிக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். 'கிர்ர், கிர்ர்' என்று சுற்றியதே தவிர, எஞ்சின் பிடிக்கவில்லை.

சோக்கை இழுத்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மறுபடி, மறுபடி. பாட்டரியின் குரல் கம்மிக்கொண்டே வந்தது; என் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "மெட்டு வரைக்கும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? ஓடுகிற வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு..." என்று கத்திவிட்டேன். பெரியம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஏலத்தோட்டத்தில் வேலை முடித்துப் போடிக்குத் திரும்பும் பெண்கள், தூக்குச்சட்டிகளும் தாமுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் இளைஞன். "என்ன சார், வண்டி மக்கர் பண்ணுதா?" என்று இறங்கி வந்தான்.

அவன் செய்த முதல் காரியம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பானெட்டைத் திறந்து மோப்பம் பிடித்தான்! பிறகு ஒரு பிளக் ஒயரைக் கழற்றி எஞ்சினருகே பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னான். நீலமாகப் பொறி பறந்தது.

"கரண்டு இருக்கு. சூட்டிலே காயில் படுத்துக்கிட்டாலும் இப்படித்தான் சார் நிக்கும். இது அது இல்லை. பெட்ரோல் வாசமே இல்லை பாருங்க, குழாயிலேயே ஆவியாயிடுச்சு. நீங்க சோக்கை இழுத்து என்ன செய்ய?"

"ஓடும்போது நன்றாகத்தானே ஓடியது?"

"நின்ன பிறகுதான் சார் சூடு ஏறும்" என்றான்.

அவன் சொன்னதை நான் யோசித்து விளங்கிக்கொண்டது இது: எஞ்சின் ஓடும் வரை விசிறி வீசுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, புதுப் பெட்ரோல் குளிர்ச்சியாக வந்துகொண்டிருக்கிறது. நிறுத்தியதும் எல்லாம் நின்றுவிடும். இரும்புக்குள் இருந்த சூடு மட்டும் நிற்காது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்புக்கும் குழாய்க்கும் அது பரவி, பெட்ரோலைக் கொதிக்க வைத்துவிடும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் கொதிப்பும் சீக்கிரம் வரும்.

பெட்ரோல் வாசம் மூக்கைத் துளைத்திருந்தால் வைத்தியம் வேறாம். கார்புரேட்டரில் கொதித்த பெட்ரோல் வழிந்து எஞ்சினை மூழ்கடித்திருக்கும். அப்போது சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். நோய்க்குப் பெயர் ஒன்று. மருந்து நேர் எதிர். மூக்கைக் கேட்காமல் கையை நீட்டியதுதான் என் தவறு.

"ஈரத்துணி வேணும்" என்றான். என்னிடம் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜீப்பிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக இறங்கி வந்தது. குடித்து மிஞ்சிய அரையும் காலும். விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள். வீட்டில் உலை வைக்க வேண்டியவர்கள். ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது, ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, என் துண்டை நனைத்துப் பம்பின் மேலும் குழாயின் மேலும் மட்டும் சுற்றினான்.

நான் சாவியிடம் போனேன். பெரியம்மா தடுத்தாள். ஏல ஸ்டோரில் வருஷக்கணக்காகக் காய் உலர்த்தியவள் அவள். "அவசரப்பட்டுச் சூட்டை ஏத்தினா காயிலே பச்சை போயிடும், தம்பி. ஏத்தவும் நேரம் வேணும், ஆத்தவும் நேரம் வேணும். கொஞ்சம் சும்மா இரு."

இருபது நிமிஷம் சும்மா இருந்தேன். பிறகு திருப்பினேன். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜீப்பில் சிரிப்பும் கைதட்டலும்! பணத்தை நீட்டினேன், டிரைவர் வாங்கவில்லை. பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இன்றைய கார்களில் பம்ப் டாங்கிக்குள்ளேயே இருந்துகொண்டு பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. இந்தத் தொல்லை அநேகமாக ஒழிந்துவிட்டது. ஆனாலும் என் வண்டியில் இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பழந்துண்டும் எப்போதும் இருக்கும்.

சாந்தன்பாறையில் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பெரியம்மா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். வண்டி நின்றதைச் சொல்வாள்; ஜீப்புக்காரப் பிள்ளையைச் சொல்வாள்; தண்ணீர் கொடுத்த பெண்களைச் சொல்வாள். நான் கத்தியதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.