தைவானின் முகக்கவச வரைபடம்

2020 பிப்ரவரி. தைவானில் முகக்கவசத் தட்டுப்பாடு. எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் தைனான் நகர மென்பொருளாளர் ஒருவர் தானாகவே செய்து வெளியிட்டார். யாரைக் கேட்டுச் செய்தாய் என்று அரசு அதட்டவில்லை. அப்போது டிஜிட்டல் அமைச்சராக இருந்த ஆட்ரி டாங் அந்த முயற்சியைக் கையிலெடுத்தார். 6,000-க்கும் மேற்பட்ட மருந்தகங்களின் இருப்புக் கணக்கு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. உள்ளூர் நிரலாளர்கள் அதை வைத்து விதவிதமான செயலிகளைச் செய்துதள்ளினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். சில மருந்தகங்கள் காலையிலேயே டோக்கன் கொடுத்துவிட்டு, வாங்குபவர்களின் மருத்துவக் காப்பீட்டு அட்டைகளைப் பிறகு பதிவுசெய்தன. அட்டைகள் பதிவாகும் வரை வரைபடத்தில் இருப்பு அப்படியே நின்றது. நம்பி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மருந்தாளர்கள் முறையிட்டார்கள். அமைச்சர் தரப்பு காதுகொடுத்துக் கேட்டு, முறையைத் திருத்தியது. பேரிடரில் ஓர் அரசிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் காதைத்தான்.