மாமா லாரிக்கு மூக்கடைச்ச மெக்கானிக்கல் மாப்ள!

ஐ.சி. இன்ஜின்ஸ் பேப்பர்ல எண்பத்தாறு மார்க். கிளாஸ்ல செகண்ட். அந்தத் தெனாவட்டுல, எப்படியோ ஓடிக்கிட்டிருந்த ஒரு லாரியை நடுரோட்டுல படுக்கவெச்ச புண்ணியவான் நான்தான். பல்பு வாங்கின கதைதான்... ஆனா உங்க வீட்லயும் ஒரு டீசல் வண்டி இருக்கலாம், உங்களுக்கும் ஒரு மாமா இருக்கலாம். அதனால படிங்க பாஸ்!

அம்மாவோட தம்பிக்கு விருத்தாசலம் பக்கத்துல நல்லூர். வில்வவனேஸ்வரர் கோயில், மணிமுத்தாறுன்னு அமைதியான ஊர். விருத்தாசலம்னாலே பீங்கான்தானே? நீங்க ஊறுகாய் எடுக்குற ஜாடி, கொலுவுல வைக்குற பொம்மைன்னு எதுவா இருந்தாலும் சூளைக்குப் போறதுக்கு முன்னாடி அது பவுடர்தான். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்... இந்த மூணும் சேர்ந்தாதான் பீங்கான். அந்த லோடு ஏத்துறதுதான் மாமாவுக்குப் பொழப்பு. இருக்கறது ஒரே ஒரு பழைய லாரி. மாமாதான் ஓனர், மாமாதான் டிரைவர்.

போன செமஸ்டர் லீவுல அந்த லாரியில ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்துல கண்ணு எரிஞ்சுது. கருகின ஆயில் வாடை. "என்ன மாமா இது?"ன்னு கேட்டா, "பிரீத்தர்ல இருந்து வருது மாப்ள. பழகிடுச்சு"ன்னு சொல்லிட்டு இருமினார். அத்தை தனியா கூப்பிட்டு, "ராத்திரியெல்லாம் இந்த இருமல்தான் தம்பி. நீ இன்ஜினீயருக்குத்தானே படிக்கிறே, ஏதாவது பண்ணேன்"னு சொன்னாங்க. போதாதா எனக்கு?

கொஞ்சம் பாடம் நடத்திக்கிறேன், தூங்கிடாதீங்க. சிலிண்டருக்குள்ள டீசல் வெடிக்கும்போது அத்தனை காத்தும் பிஸ்டனைத் தள்ளுறதில்ல. ரிங் இடுக்கு வழியா கொஞ்சம் கீழே கிராங்க் கேஸுக்குள்ள நழுவிடும். புக்ல இதுக்குப் பேரு ப்ளோ-பை. பட்டறையில பேக் கம்ப்ரஷன். புது இன்ஜின்லகூட கொஞ்சம் இருக்கும். இந்தக் காத்தை வெளியே விட்டே ஆகணும். இல்லைன்னா உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளிடும். அதுக்கான மூச்சுக் குழாய்தான் பிரீத்தர். பழைய லாரிகள்ல அது சும்மா கீழே தொங்கும். ஆயில் பனியும் புகையும் ரோட்டுக்கு ஒரு பங்கு, கேபினுக்கு ஒரு பங்கு!

பெட்ரோல் கார்கள்ல இந்தக் காத்தைத் திரும்ப இன்ஜினே உறிஞ்சிக்கிற ஏற்பாட்டை 1960-களின் தொடக்கத்துலயே கலிபோர்னியாவுல கொண்டுவந்துட்டாங்க. டீசல்ல அது அவ்வளவு சுலபமில்ல. ஆயில் பனியோட அப்படியே டர்போவுக்கு அனுப்பினா டர்போ, இன்டர்கூலர் எல்லாம் பிசுக்குப் பிடிக்கும். அளவுக்கு மீறிப் போனா, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் தன் ஆயிலையே குடிச்சு வெறி பிடிச்ச மாதிரி ஓடும். அதனால நடுவுல ஒரு பிரிப்பான் வேணும். நம்ம ஊர்ல 2020 ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ்.6 வந்தப்புறம் பல புது லாரிகள்ல கம்பெனியிலேயே இது வருது. பழைய வண்டிக்கு? தனியா வாங்கி மாட்டிக்கலாம். மான் ஹம்மலோட புரோவென்ட் மாதிரியான டப்பாக்களை வெளிநாட்டுல நிறைய பேர் மாட்டுறாங்க. மெல்லிய நார்ல ஆயில் துளிகள் மோதி, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, கனமாகிச் சொட்டும். ஆல்ஃபா லாவலோட ஆல்ஃப்டெக்ஸ் வேற டைப்... தட்டுகளைச் சுத்திவிட்டு ஆயிலைப் பிரிக்கும். 1883-ல அந்தக் கம்பெனியைத் தொடங்கின குஸ்டாஃப் டி லாவல் பால்ல இருந்து க்ரீம் பிரிக்கச் செஞ்ச மெஷினோட பேரன்னு வெச்சுக்கோங்களேன்.

விலையைப் பார்த்தேன். மாமாகிட்ட சொல்லவே இல்ல. அத்தையோட பழைய தூக்குவாளியைக் கேட்டேன்!

மூடியில ரெண்டு ஓட்டை. ஒண்ணுல பிரீத்தர் ஹோஸ் உள்ளே, இன்னொண்ணுல காத்து வெளியே. நடுவுல பாத்திரம் தேய்க்குற ஸ்டீல் நார். 'இன்னும் சுத்தமா வடிகட்டுவோமே'ன்னு அதுக்கு மேல பனியன் வேஸ்ட்டையும் திணிச்சேன். கம்பியால சேஸிஸ்ல கட்டினேன். ஸ்டார்ட் பண்ணா... அட, புகையே இல்ல! மாமா என் தோள்ல தட்டி, "மாப்ள, படிப்பு படிப்புதான்யா"ன்னார். நெஞ்சு ரெண்டு இஞ்ச் விரிஞ்சுது.

ஒன்பதாவது நாள் வாளியைத் திறந்தா முக்கால் லிட்டர் கறுப்பு ஆயில். அதைக் கையில பிடிச்சு போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டேன். எழுபது லைக். ஒருத்தன்கூட, 'டேய், இவ்வளவு ஏன்டா வருது?'ன்னு கேட்கல. நானும்தான்.

பதினோராவது நாள். வேப்பூர் தாண்டி மாமா போன் பண்ணார். "மாப்ள... டிப் ஸ்டிக் தானா எகிறி வெளியில கிடக்கு. முன்னாடி சீல்ல ஆயில் ஊத்துது. பிரஷர் முள்ளு இறங்குச்சு, உடனே ஆஃப் பண்ணிட்டேன்." இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா பேரிங் மொத்தமும் காலி. லாரி கயிறு கட்டித்தான் பட்டறைக்கு வந்துச்சு.

மெக்கானிக் அண்ணன் என் வாளியைத் திறந்தார். ஆயிலும் தண்ணியும் கலந்து மோர் மாதிரி ஆன சேறு, பனியன் துணியில அப்பியிருந்தது. காத்து போக வழியே இல்ல. "மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா ஓடுமா தம்பி?"ன்னார். கம்பெனி டப்பாவுல, நார் அடைச்சா அழுத்தத்தை வெளியே விட ஒரு வால்வு இருக்கும். என் டப்பாவுல அது இல்ல.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. சீலை மாத்திட்டு, ஸ்டார்ட் பண்ணி, ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி, அந்த வாய் மேல சும்மா கவிழ்த்து வெச்சார். அது தவளை மாதிரி குதிச்சுது. "ஃபுல் பேக் கம்ப்ரஷன். ரிங் போச்சு." அப்புறம் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ஹோஸைக் கழட்டிக் காட்டினார். அடிப்பக்கம் ஒரு விரிசல். உள்ளே விரலை விட்டு எடுத்தேன். வெள்ளையா, டால்கம் பவுடர் மாதிரி... மாமா ஏத்துற அதே லோடு! குவார்ட்ஸோட கடினத்தன்மை மோஸ் அளவுல 7. லைனர் இரும்பை அது உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிருக்கு. எத்தனை மாசமாவோ.

அண்ணன் கடைசியா சொன்னதுதான் இன்னிக்கும் குத்துது. "புகை கூடக் கூட அவரே பயந்து வண்டியைக் கொண்டாந்திருப்பாரு. நீ டப்பா கட்டினதும் சரியாயிடுச்சுன்னு நம்பி லாங் லோடு எடுத்துட்டாரு."

தலையைத் தூக்க முடியல. பிரீத்தர் புகைங்கறது இன்ஜின் இருமுற இருமல். நான் இருமலுக்கு மருந்து குடுக்கல, வாயைப் பொத்திட்டேன். அந்த முக்கால் லிட்டர் என் சாதனை இல்ல, ரிங் தேய்ஞ்சதுக்கான ரிப்போர்ட். அதைப் படிக்கத் தெரியாமதான் போட்டோ எடுத்திருக்கேன்!

ஹாஃப் இன்ஜின் வேலை. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. அத்தையோட வளையல் அடகுக்குப் போச்சு. மாமா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருக்கும். பன்னெண்டு நாளும் பட்டறையில கிடந்து பார்ட்ஸ் கழுவினேன்.

வேலை முடிஞ்சதும் பயந்துக்கிட்டே, "அண்ணே, திரும்ப டப்பா கட்டவா?"ன்னு கேட்டேன். கேபின் புகைதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லயே உறுதியா சொல்லிடுச்சு. அண்ணன் யோசிச்சார். "கட்டு. ஆனா அது மூச்சு விடணும்."

இந்தத் தடவை துணி இல்ல. தடுப்புத் தகடும் தளர்வா கொஞ்சம் நாரும்தான். ஹோஸ் பிரீத்தரைவிடப் பெருசு, மடிப்பு இல்ல. அழுத்தம் ஏறினா திறக்குற வால்வு ஒண்ணு. காத்து வெளியேற குழாய் கேபினைத் தாண்டிப் பின்னாடி போகுது. அடியில ஒரு டேப். முக்கியமா, டிப் ஸ்டிக் துளையில டியூபை மாட்டி, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல தூங்கி வழிஞ்சோமே, அந்த யூ-டியூப் மானோமீட்டர் வெச்சு அளந்தேன். ரெண்டு பக்கத் தண்ணிக்கும் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தா கிட்டத்தட்ட ஒரு கிலோபாஸ்கல். டப்பா இல்லாம ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. பெரிய வித்தியாசம் இல்லைன்னு பார்த்த பிறகுதான் சாவியை மாமாகிட்ட குடுத்தேன்.

இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா மாமா டேப்பைத் திறந்து, வர்ற ஆயிலை அளவு போட்ட பாட்டில்ல பிடிக்கிறார். அளந்ததும் பட்டறைக் கழிவு ஆயில் பேரல்ல ஊத்திடுவார். அளவை மட்டும் நோட்டுல எழுதுவார். அது திடீர்னு கூடினா நேரா பட்டறை.

வளையல் இன்னும் கடையிலதான் இருக்கு. மாமா இருமல் குறைஞ்சிருக்குன்னு அத்தை சொல்றாங்க. இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி நச்சரிக்கிறேன். அந்த இருமலுக்கும் டப்பா கட்டி ஏமாறக்கூடாது இல்லியா?

போன ஞாயிறு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. பாட்டில் அடியில 40 மில்லி. கீழே மாமாவோட ஒரு வரி...

"மாப்ள, பாஸா ஃபெயிலா?"