முதல் கிளாஸ் முழுக்க நுரை

போர்ட்லாந்து நகரிலிருந்து பீவர்ட்டனுக்கு மேக்ஸ் ரயில், டிக்கெட் 2.80 டாலர். இறங்கி இருபது நிமிட நடை. கராஜ் கதவு தூக்கியே இருந்தது. சத்துமாவு வறுப்பதைப் போல மால்ட் வாசம்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், என் அக்காவுக்குப் பழக்கம். தான் காய்ச்சிய பீரை 19 லிட்டர் எவர்சில்வர் பீப்பாய்களில் நிரப்பி, மேல்மூடி ஃப்ரீசர் ஒன்றில் வைத்திருந்தார். நம்மூர் ஐஸ்கிரீம் கடைகளில் இருக்குமே, அந்த வகை. மூடிக்குக் கீழே மரச்சட்டம், அதில் மூன்று குழாய்கள். ஃப்ரீசர் பிளக் 35 டாலர் வெப்பநிலை கன்ட்ரோலர் வழியாகச் சுவருக்குப் போகிறது. திரையில் 38 ஃபாரன்ஹீட், அதாவது 3.3 செல்சியஸ்.

"குளிர் சரியாத்தான் இருக்கு, காஸ் அதிகமா இருக்கறதாலதான் பீர் நுரைக்குது" என்றார். 12 பிஎஸ்ஐ வைத்திருந்த காஸ் அழுத்தத்தை 6-க்குக் குறைத்தும் விட்டார்.

ஊற்றச் சொன்னேன். முதல் கிளாஸ் முழுக்க நுரை. இரண்டாவது பாதி. மூன்றாவது தெளிவாக வந்தது, ஆனால் சப்பென்று இருந்தது. காஸ்தான் காரணமென்றால் மூன்றும் ஒரே மாதிரி நுரைக்க வேண்டாமா?

கன்ட்ரோலரின் சென்சார் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். நுனி ஃப்ரீசரின் உள்சுவரில் ஒட்டிக் கிடந்தது. குளிர்க்குழாய் ஓடுவதே அந்தச் சுவருக்குள்தான். கைக்கடிகாரத்தில் பார்த்தேன்: கம்ப்ரசர் நான்கு நிமிடம் ஓடுகிறது, ஏழு நிமிடம் நிற்கிறது. சுவர் குளிர்ந்ததுமே நிறுத்திவிடுகிறது, பீர் குளிர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

அடியில் ஒரு தம்ளர் தண்ணீர், குழாயை ஒட்டி மேலே ஒரு தம்ளர் வைத்து, மூடிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் அடியில் 39, மேலே 51. திரையில் அதே 38! குளிர்காற்று கனமானது, கீழேயே தேங்கிவிடுகிறது. மேலே, குழாய்க்குப் போகும் சூடான டியூபுக்குள் பீர் வந்ததும் காஸ் பிரிந்து நுரையாகிறது. இரண்டு கிளாஸ் ஓடி டியூப் குளிர்ந்த பிறகுதான் அடங்குகிறது.

ஐஸைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி சென்சாரை நனைத்தோம். 32 காட்ட வேண்டியது 34 காட்டியது. கன்ட்ரோலரிலேயே இரண்டைக் கழித்தோம். பிறகு சென்சாரைப் பீப்பாயின் நடு உயரத்தில் டேப் போட்டு ஒட்டி, வெளிக்காற்று படாமல் மேலே ஸ்பாஞ்ச் வைத்தோம். காற்றைக் கலக்கிவிட, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன விசிறி, செலவில்லை. பீர் மெதுவாகத்தான் குளிரும், அதனால் கம்ப்ரசர் நின்ற பின்பும் சுவர்க் குளிர் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்காக, ஏற்ற இறக்க இடைவெளியை ஒரு டிகிரியாகக் குறுக்கினோம். அடிக்கடி ஓடி மோட்டார் கெடாமலிருக்க ஐந்து நிமிடத் தாமதமும் வைத்தோம்.

மறுநாள் மாலை அடியில் 37, மேலே 41. முதல் கிளாஸில் இரண்டு விரல்கடை நுரைதான். காஸை அவரே 12-க்குத் திருப்பினார். சப்பென்று போன பீரில் அது மறுபடி ஏற ஒரு வாரமாவது ஆகும்.