இமைப்பொழுது

சென்ற கோடை விடுமுறையில் நம் பேரனைச் செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அந்தி சாய்ந்தது. மணலில் அமர்ந்து கடலை நோக்கிக்கொண்டிருந்த வேளையில், குன்றின்மீதுள்ள கலங்கரை விளக்கம் ஒளி வீசத் தொடங்கிற்று. "தாத்தா! லைட்ஹவுஸ் 'பிளிங்க்' பண்ணுகிறது. விளக்குக்குத்தான் இமையே இல்லையே, அது எப்படி இமைக்கும்?" என்று வினவினான் சிறுவன்.

கேள்வி சிறியதுதான். ஆனால் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்துவிட்டது.

பொதுவாகக் கலங்கரை விளக்கின் சுடர் அணைந்து அணைந்து எரிவதில்லை. அதனைச் சூழ்ந்த கண்ணாடி வில்லை சுழல்வதால், தொலைவிலிருப்போர்க்கு ஒளி தோன்றி மறைகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனிக் கால அளவு உண்டு. அதைக் கொண்டே மாலுமிகள் இடம் அறிகின்றனர். இவ்விளக்கம் எழும்புமுன், அருகே மகிடாசுரமர்த்தினி குகையின் மேலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயிலே கலங்கரை விளக்காகப் பயன்பட்டது.

ஆங்கிலேயர் இதனை 'பிளிங்க்' என்பது புதுமையன்று. நம் பழந்தமிழிலும் 'இமைத்தல்' என்னும் சொல்லுக்குக் கண்ணை மூடித் திறத்தல் என்பதோடு, ஒளிவிடுதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே, "விளக்கும் இமைக்கும், தம்பி!" என்றே விடையிறுத்தோம்.

கண்ணடித்தல் வேறு, இமைத்தல் வேறு. முன்னது நாம் வேண்டுமென்றே செய்வது. பின்னது பெரும்பாலும் நம்மை அறியாமல் நிகழ்வது. வளர்ந்தவர் நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை இமைக்கின்றனர். ஒவ்வொரு முறையும் இமை கண்ணீரை விழியின்மேல் மெல்லப் பரப்பி, உலராமலும் தூசி படியாமலும் காக்கின்றது. கண்ணை இமை காப்பது போல என்று நம் முன்னோர் சொன்னது வெற்று உவமையன்று. தேவர்களுக்கு இந்தக் காவல் வேண்டாம் என்று எண்ணியே போலும், அவர்களை 'இமையவர்' என்றனர்! காலத்தை அளக்கவும் இமையே கருவியாயிற்று. எழுத்தொலியின் மாத்திரைக்குத் தொல்காப்பியர் கொண்ட அளவு கண்ணிமையும் கைந்நொடியுமே. இறந்தோர் உயிர்த்தெழும் விரைவைக் கூறவந்த புனித பவுலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இமைப்பொழுதையே அளவாகக் கொண்டார்.

ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இன்னுமொரு பொருள் உண்டு: எதிர்த்து நிற்பவர் முன் பணிந்துவிடுதல். 1962-ஆம் ஆண்டு கியூபா நெருக்கடியின்போது, சோவியத் கப்பல்கள் மேலே வராமல் நின்றுவிட்டன என்று அறிந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், எதிராளிதான் முதலில் இமைத்தான் என்னும் கருத்துப்படப் பேசினார். வள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தில், பகைவன் வேலெறியும்போது விழித்த கண் இமைத்துவிட்டால் வீரனுக்கு அதுவே தோற்றோடியதற்கு ஒப்பாகும் என்கிறார். போர்க்களத்துக்கு அது பொருந்தும். இல்லறத்துக்குப் பொருந்துமா?

இவ்விடத்தில் நம் குறையொன்றை ஒளியாமல் கூற வேண்டும். செங்கற்பட்டில் தந்தையார் விட்டுச்சென்ற சிறு வீட்டின் பொருட்டு, நமக்கும் நம் மூத்த அக்காளுக்கும் மனத்தாங்கல் நேர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கோயிலுக்குச் செல்வோம். ஒரே நற்கருணையை உட்கொள்வோம். வாயிலில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். "அவர்கள் முதலில் வரட்டும்" என்று நாம் இருந்தோம். "தம்பிதானே வரவேண்டும்" என்று அவர்கள் இருந்தார்கள். இருவரும் இமைக்கவில்லை.

பின்னர் ஒருநாள் அக்காளுக்குப் பக்கவாதம் கண்டு பேச்சும் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. ஓடினோம். "காது நன்றாகக் கேட்கிறது. ஆம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை கண்ணை மூடித் திறக்கச் சொல்லியிருக்கிறோம்" என்றார் மருத்துவர். நம்மைச் சிறுவயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த அக்காள், விழி மட்டும் அசையக் கிடந்தார்கள். "அக்கா, தவறு என்னுடையது. என்மேல் இன்னும் கோபமா?" என்று கேட்டோம். அவர்கள் நம்மையே பார்த்திருந்தார்கள். பிறகு மெதுவாக, ஐயத்துக்கு இடமின்றி, இருமுறை இமைத்தார்கள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. நாம் துடைத்தோம்.

மூன்று வாரங்களுக்குப் பின் அக்காள் இறைவனடி சேர்ந்தார்கள். ஒன்பது ஆண்டுக் கோபம் நீங்க வேண்டியிருந்த நேரம் இரண்டு இமைப்பொழுதுதான். நாம் முன்னமே இமைத்திருந்தால், அவர்கள் வாயால் "தம்பி" என்று அழைப்பதை இன்னும் சில ஆண்டுகள் கேட்டிருப்போமே!

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் யாரேனும் ஒருவர் வாயிற்படியில் முகந்திருப்பி நிற்கக்கூடும். போர்வீரன் இமைத்தால் தோல்வி. உடன்பிறந்தார் இமைத்தால் அது தோல்வியாகாது. மாமல்லபுரத்து விளக்கு இரவெல்லாம் இமைத்துக்கொண்டேயிருக்கிறது. அதனாலன்றோ கடலில் உள்ளவர்கள் கரையை அறிகிறார்கள்!